ஃப்ரிட்ஜில் உறங்கும் ஆமை

எங்கள் வீட்டில் தூங்குகிறவர்களை எட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அப்பா தூக்கத்திலேயே போனவர். இரவு பத்தரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். காலை ஐந்தரைக்கு அம்மா காபி கலந்துவிட்டுக் கூப்பிட்டபோது எழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "நல்ல சாவு. யாருக்கும் தொந்தரவு இல்லாம போயிட்டாரு." அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எழுந்து என் அறைக் கதவைத் திறந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு முப்பத்து நான்கு வயது. நான் விழித்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கொஞ்சம் சத்தமாக விடுவேன். அவளுக்கு அது போதும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், இரண்டரை மாதம் அசையாமல் தூங்கப்போகும் ஒரு பிராணியைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்தது.

அக்கா இங்கிலாந்தில், ரெடிங் நகரத்தில் இருக்கிறாள். அவளுடைய ஒன்பது வயது மகளுக்காகக் கோடையில் ஓர் ஆமை வாங்கினார்கள். ஹெர்மன் ஆமை. தெற்கு ஐரோப்பாவின் மத்தியதரைக் கடலோரத்துப் புதர்க்காடுகளில் வாழ்வது. மஞ்சளும் கறுப்புமாக ஓடு, கொண்டைக்கடலை நிறத்தில் முகம். அதனால் சுண்டல் என்று பெயர். அதே வருடம் எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டிலும் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. மாடியில் குடியிருந்தவர்கள் பெங்களூருக்குப் போகும்போது, "ரெண்டு மாசம் பாத்துக்கங்க ப்ரோ" என்று கண்ணாடித் தொட்டியோடு விட்டுப்போன நீராமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஸ்லைடர். இரண்டு மாதம் ஏழு மாதம் ஆனது. அதற்கு அம்மாவே மணி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. நம்ம குடும்பத்துல ரெண்டு வீட்லயும் புகுந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே கீரைத்தண்டு நறுக்கிப் போடுவாள்.

*

செப்டம்பரிலேயே அக்காவுக்குப் பதற்றம் தொடங்கிவிட்டது. ஹெர்மன் ஆமை குளிர்காலத்தில் உறங்கும் இனம். காட்டில் மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும். வீட்டில் அந்த உறக்கத்தை வளர்க்கிறவர்தான் ஏற்பாடு செய்து தரவேண்டும். அதற்கு இங்கிலாந்தில் இன்று பலரும் பயன்படுத்துவது ஃப்ரிட்ஜ்.

"ஃப்ரிட்ஜா?" என்றேன்.

"ஆமாண்டா. காய்கறி வைக்கிற ஃப்ரிட்ஜேதான். தனியா ஒண்ணு சின்னதா வாங்கியிருக்கேன். செகண்ட் ஹேண்ட்."

பக்கத்தில் இருந்த அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "உசுரோட இருக்கறத யாராவது ஃப்ரிட்ஜ்ல வெப்பாங்களாடி? படிச்சவதானே நீ?"

அம்மாவின் கேள்வி பாமரத்தனமானது என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஆமையை உறங்க வைப்பதில் நிஜமாகவே உயிர் போகும் ஆபத்து உண்டு, பிரிட்டனுக்கு அதில் நெடிய அனுபவமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து அங்கே ஆமைகள் லட்சக்கணக்கில் கப்பலேறின. கடையில் மலிவாகக் கிடைத்த ஆமைகளை வைக்கோல் அடைத்த பெட்டியில் போட்டுக் கார் ஷெட்டிலோ பரணிலோ வைத்துவிட்டு, வசந்தத்தில் திறந்து பார்ப்பார்கள். ஏராளமானவை முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அந்த வணிக இறக்குமதியைத் தடை செய்தது. இன்று அங்கே விற்கப்படும் ஹெர்மன் ஆமைக்கு அனுமதிச் சான்றிதழ் வேண்டும். சுண்டலுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது. "எனக்கு விசா வந்தப்போ இருந்த பேப்பரவிட இது கொஞ்சம் கம்மி" என்றாள் அக்கா.

இந்தப் பதற்றத்தை இருநூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். கில்பர்ட் வைட், செல்போர்ன் என்னும் ஆங்கிலேயக் கிராமத்தின் பாதிரியார். அவருடைய அத்தை ஓர் ஆமை வளர்த்தார். அத்தை இறந்தபின் 1780 மார்ச்சில், மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த அந்த ஆமையைத் தோண்டி எடுத்து, பெட்டியில் வைத்து, எண்பது மைல் குதிரை வண்டியில் தன் ஊருக்குக் கொண்டுவந்தார் வைட். வண்டியின் குலுக்கலில் அது விழித்துக்கொண்டது. தோட்டத்தில் இறக்கிவிட்டதும் சிறிது தூரம் நடந்தது. பிறகு குளிர் திரும்பியதும் மறுபடி மண்ணில் புதைந்துகொண்டது. ஒவ்வொரு நவம்பரிலும் அது மண்ணுக்குள் போவதையும் ஏப்ரலில் வெளிவருவதையும் அவர் குறித்துக்கொண்டே இருந்தார். 1789-இல் வந்த அவருடைய செல்போர்ன் நூலில் அந்த ஆமைக்கும் இடம் உண்டு. அதற்கு டிமதி என்று ஆண் பெயர். அது பெண் ஆமை என்பது அதன் ஓட்டை ஆராய்ந்த பிற்காலத்தவர்களுக்குத்தான் தெரிந்தது. வைட் 1793-இல் இறந்தார். ஆமை அடுத்த வருடம் இறந்தது.

*

குளிர்கால உறக்கம் என்றதும் நாம் நினைப்பது கரடியைத்தான். நன்றாகத் தின்று, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குகையில் சுருண்டு படுப்பது. ஆமை விஷயத்தில் இதில் பாதி தலைகீழ். கரடிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியும். ஆமைக்கு வெளியே என்ன சூடோ அதுதான் உள்ளேயும். வெளியே குளிர்ந்தால் இதயம் மெதுவாகும், மூச்சு அரிதாகும், செரிமானம் நின்றுபோகும். அதனால் ஊர்வனவற்றின் இந்த நிலைக்குப் புருமேஷன் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

செரிமானம் நின்றுபோகும் என்பதில்தான் முதல் கண்டம். வயிற்றில் உணவோடு ஆமை உறங்கப்போனால் அந்த உணவு உள்ளேயே கெட்டுப்போகும். எனவே உறக்கத்துக்கு முன் குடலைக் காலி செய்யவேண்டும். சிறியதுக்கு இரண்டு வாரம், பெரியதுக்கு மூன்று நான்கு வாரம் சாப்பாடு கிடையாது. ஆனால் அந்தப் பட்டினியின் தொடக்கத்தில் ஆமை சூடாகவே இருக்கவேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பது வெளியேறும். கூடவே தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், கழுத்தடி நனையும் அளவுக்கு, இருபது நிமிடம் உட்கார வைக்கவேண்டும். அது தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளும். உறக்கம் முழுக்க அதற்கு அந்தச் சேமிப்புதான். அதன் பிறகே விளக்கைக் குறைத்து, சூட்டைக் குறைத்து, மெல்லக் குளிருக்குள் இறக்குவது.

அக்கா மகள் அந்த மூன்று வாரமும் அழுதிருக்கிறாள். "பசிக்குதுன்னு என்னையே பாக்குது சித்தா மாமா" என்று எனக்கு வாய்ஸ் நோட் வரும். சித்தப்பாவும் மாமாவும் கலந்து அவள் எனக்கு வைத்த பெயர் அது.

இரண்டாவது கண்டம் எடை. உறங்கப்போகும் ஆமை ஆரோக்கியமாக இருக்கவேண்டும். நோயோடு உறங்கினால் எழாது. ஆலிஃபன்ட் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஓட்டின் நீளத்துக்கு எவ்வளவு எடை இருக்கவேண்டும் என்று ஒரு வரைபடம் போட்டார். ஹெர்மன் ஆமைக்கும் அதன் உறவான தொடைமுள் ஆமைக்கும் மட்டும் பொருந்துவது. இன்றைய மருத்துவர்கள் அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சுண்டல் 14 சென்டிமீட்டர், 600 கிராம். செப்டம்பரில் ஊர்வன மருத்துவரிடம் காட்டி, மலத்தில் புழு இருக்கிறதா என்று பரிசோதித்து, "உறங்கலாம்" என்று வாய்மொழி உத்தரவு வாங்கியாயிற்று.

மூன்றாவது, வெப்பநிலை. 5 டிகிரி. ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் உடம்பில் இருக்கும் நீர் உறையும். முதலில் போவது கண்பார்வை, பிறகு உயிர். 10 டிகிரிக்கு மேல் ஏறினால் உடம்பு பாதி விழித்துக்கொள்ளும். சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்கும், ஆனால் தின்னவோ செரிக்கவோ முடியாது. பழைய கார் ஷெட் முறையில் இந்த இரண்டும்தான் நடந்தன. ஜனவரி இரவில் உறைபனி, பிப்ரவரியில் திடீரென்று நான்கு நாள் வெயில். ஃப்ரிட்ஜ் ஆமைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது இல்லைதான். ஆனால் கதவு மூடிய ஒரு சின்ன அறையை மூன்று மாதம் ஒரே குளிரில் வைத்திருக்க அதைவிட நம்பகமான சாதனம் ஒரு சாதாரண வீட்டில் வேறு கிடையாது.

அக்கா அந்த ஃப்ரிட்ஜை ஆமை இல்லாமலேயே இரண்டு வாரம் ஓட்டினாள். உள்ளே தண்ணீர் பாட்டில்களை அடுக்கினாள். நிறைந்த ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாலும் சட்டென்று சூடாகாது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, பின்சுவர் என்று வெப்பமானியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பின்சுவரை ஒட்டி மற்ற இடத்தைவிடக் குளிர் அதிகம் என்று கண்டுபிடித்துப் பெட்டியை நடுவில் வைக்க முடிவு செய்தாள். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அதில் மண். தினம் ஒரு தரம் கதவைத் திறந்து விசிறினால் உள்ளே புதுக் காற்று. வாரம் ஒரு தரம் எடை.

நவம்பர் 28, சுண்டல் உள்ளே போனது.

*

எங்கள் பேட்டையில் அது கார்த்திகை. ஐயப்பன் கோயில் தெருவில் விடியற்காலையிலிருந்து சரணகோஷம். அடையாற்றுக் கழிமுகத்திலிருந்து வரும் காற்றில் சேற்று வாசனை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பத்து நாளாகப் பால்கனியில் வெயிலே விழவில்லை. மணி சாப்பிடுவதை நிறுத்தியது.

முதலில் இரண்டு நாள் கீரையைத் தொடவில்லை. பிறகு தீவனக் குருணையையும். தொட்டியின் மூலையில் கல்மேல் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தது. தட்டினால் கண்ணைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டது. அம்மா அந்த வாரம் இரண்டு முறை எழ ஆரம்பித்தாள். ஒரு முறை எனக்கு, ஒரு முறை மணிக்கு.

"இதுவும் தூங்கப் போகுதுபோல. அக்காவோடது மாதிரி. நம்மளும் ஃப்ரிட்ஜ்ல…" என்று ஆரம்பித்துவிட்டு, தானே நிறுத்திக்கொண்டாள்.

யாருக்கும் வரக்கூடிய எண்ணம்தான். ஸ்லைடரும் தன் ஊரில் உறங்கும். அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்கே குளிர்காலத்தில் குளத்தின் அடியில் போய்க் கிடக்கும். குளிரில் அதன் தேவை அவ்வளவு சுருங்கிவிடுவதால் தோல் வழியாகத் தண்ணீரிலிருந்து எடுக்கும் சொற்ப ஆக்சிஜனே பெரும்பாலும் போதும். அதன் உறவான வண்ண ஆமை இன்னும் வடக்கே, பனிக்கட்டி மூடிய குளத்தடியில், ஆக்சிஜனே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாத உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை அதன் ஓட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து சமன்படுத்துகிறது. ஓடு கவசம் மட்டும் இல்லை, மருந்துப் பெட்டியும்கூட.

ஆனால் அது மிசிசிப்பி. இது ராஜா அண்ணாமலைபுரம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. அதுவும் நூறு வருடத்துக்கு முன்னால். மார்கழி விடியலில் நாம் குல்லா மாட்டிக்கொண்டு வெளியே போகும் குளிர் என்பது 20 டிகிரியை ஒட்டியது. நான் மீன்தொட்டி வெப்பமானி ஒன்று வாங்கி மணியின் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு 22.

அந்த எண் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. 5 டிகிரியில் ஆமை நிம்மதியாக உறங்கலாம். 26 டிகிரியில் நிம்மதியாகத் தின்னலாம். நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான் நிலை. பசி போய்விடும், செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும். ஆனால் கிருமிகளுக்கு அந்தச் சூடு தாராளம். பார்க்கிறவர்களுக்கு அது தூக்கம்போலத் தெரியும். உண்மையில் உடம்பு நலிந்துகொண்டிருக்கும். நம் ஊரில் மார்கழியில் வீட்டு நீராமை ஒன்று சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் அதைத் 'தூங்குகிறது' என்று விட்டுவிடக் கூடாது. அதற்குத் தேவை மருத்துவர்.

ஒரு பிளாஸ்டிக் கூடையில் ஈரத்துணி விரித்து, மணியை வைத்து, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு லாப்ரடார், பின்னால் கிழிந்த காதோடு ஓர் ஆடு. ஆட்டுக்காரப் பெரியவர் கூடையை எட்டிப் பார்த்து, "இதுக்கெல்லாமா தம்பி டாக்டரு?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மருத்துவர் மணியைத் தண்ணீரில் விட்டு அது எப்படி மிதக்கிறது என்று பார்த்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் கோளாறு என்று அர்த்தமாம். லேசாகச் சாய்ந்தது. மூக்கில் ஒரு சின்னக் குமிழி. "ஆரம்பம்தான். சரியாயிடும்" என்றார். முன்னங்காலில் ஊசி போட்டார். ஆமையின் பின்பாதி இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் என்பதால் முன்னங்காலில் போடுவதுதான் வழக்கம். பிறகு சொன்னவை எல்லாம் வெளிச்சமும் சூடும் பற்றி. தண்ணீருக்கு ஹீட்டர் போட்டு 26-இல் வையுங்கள். ஏறி உட்காரும் கல்லின் மேல் 32 டிகிரி வரும்படி ஒரு விளக்கு. கூடவே யுவிபி விளக்கு, அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 ஆகாது, ஓடு மெத்தென்று போய்விடும். கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா இருக்கும். அமெரிக்காவில் 1975-இலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை கொண்டுவந்தது இதற்காகத்தான், குழந்தைகள் அதை வாயில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதால்.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு மணி ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்தது. அம்மா அதை அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

*

நடுவில் ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். ஹீட்டர், விளக்கு, மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "எதுக்குடி இந்தப் பாடு? கபாலி கோயில் குளத்துல விட்டுட்டா அது பாட்டுக்கு இருக்கும். புண்ணியமும் கெடைக்கும்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த ஆசை உள்ளூர இருந்தது எனக்குத் தெரியும். திருமால் ஆமையாக வந்து சிவனைப் பூஜித்த தலமென்று காஞ்சிபுரத்தில் கச்சபேஸ்வரர் கோயிலே இருக்கிறது. குளத்தில் ஆமை விடுவது பாவமா என்ன?

சாதாரணமாக நான் பெரியவர்களோடு வாதம் செய்கிறவன் இல்லை. அன்று உட்கார்ந்து சொன்னேன். இந்தச் சிவப்புக் கோடு ஆமை உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்கள் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது அழகாக இருக்கிறதென்று வாங்குகிறார்கள். தட்டளவு வளர்ந்ததும் குளத்தில் விடுகிறார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். நம் சென்னை விமான நிலையத்திலும் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்த ஸ்லைடர் குஞ்சுகளைச் சுங்கத்துறையினர் பிடித்தார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. குளத்தில் விட்டால் இது சாகாது பெரியம்மா, அதுதான் சிக்கல். நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும்.

"நம்ம ஊர் ஆமைன்னா?" என்றார்.

இரண்டைச் சொன்னேன். ஒன்று நட்சத்திர ஆமை. தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காட்டில் வாழ்வது. முதுகில் மஞ்சள் நட்சத்திரங்கள். அந்த அழகுதான் அதற்குச் சாபம். மூட்டை மூட்டையாகக் கடத்தப்படுவதால், 2019-இல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் சர்வதேச வணிகத்தை அடியோடு தடுக்கும் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது தாத்தா காலத்திலிருந்து ஒன்று இருந்தால் வனத்துறையிடம் பேசுவதுதான் வழி. அதைக் குளிர்காலத்தில் உறங்க வைக்கும் முறை என்று ஒன்று கிடையவும் கிடையாது. அது குளிருக்கு உறங்கும் இனமே அல்ல.

இன்னொன்று, ஏரியிலும் குட்டையிலும் இருக்கும் மென்னோட்டு ஆமை. தட்டையான தவிட்டு நிற ஓடு. பின்கால்களை உள்ளிழுத்துக்கொண்டால் அடியில் இருக்கும் மடிப்புகள் கதவுபோல மூடிக்கொள்ளும். கோடையில் குட்டை வற்றும்போது அது சேற்றுக்குள் இறங்கிவிடும். மேலே சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். உள்ளே அது அசையாமல் கிடக்கும். மழை வந்ததும் எழுந்து வரும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. உறக்கம் என்றாலே குளிர்காலம் என்று நாம் படித்தது வேறு ஊர்களின் பாடப் புத்தகம். நம் மண்ணில் உயிர்கள் ஒடுங்கும் பருவம் மார்கழி அல்ல. சித்திரையும் வைகாசியும்தான். நட்சத்திர ஆமை கடும் வெயிலில் புதர் நிழலில் ஒடுங்கிக் கிடக்கும், மழையில் சுறுசுறுப்பாகும். தவளைகள் மண்ணுக்குள் இருக்கும். நாமும் பகல் ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் படுத்துக்கொள்கிறோம். அங்கே பனி உயிரை உள்ளே தள்ளுகிறது. இங்கே வெயில். திருக்குறளின் 126-ஆவது குறள் ஐம்புலன்களை அடக்குவதற்கு ஆமையை உவமை சொல்கிறது. அந்த ஆமை எந்தக் காலநிலையில் ஒடுங்கியது என்று நான் அதுவரை யோசித்தது இல்லை. நம் ஊர் ஆமையாக இருந்தால் அநேகமாக அது அக்னி நட்சத்திரமாகத்தான் இருந்திருக்கும்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அப்ப குளத்துல விடாதீங்க" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இவ்வளவு சுலபமாக முடிந்த விவாதம் வேறில்லை.

*

ரெடிங்கில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வீடியோவில் வருவாள். பெட்டியைத் திறந்து, மண்ணை விலக்கி, சுண்டலை எடுத்துச் சமையலறைத் தராசில் வைப்பாள். முதல் வாரம் அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"மூச்சு விடுதாடி?"

"விடும்மா. ஆனா பாத்தா தெரியாது. ரொம்ப எப்பவாவதுதான்."

"தெரியாதுன்னா எப்படி நம்பறது?"

"எடைய வச்சுத்தான். மாசத்துக்கு ஒரு சதவீதம் குறைஞ்சா சரி. பத்து சதவீதம் வரைக்கும் போயிட்டா எழுப்பிடணும். அப்புறம், மண்ணு ஈரமா இருந்தா, அதாவது ஒண்ணுக்குப் போயிருந்தா, உடனே எழுப்பிடணும். சேத்து வச்ச தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அவள் மூச்சைப் பற்றிக் கேட்கவில்லை. "எத்தனை கிராம்?" என்று கேட்டாள். பால் கணக்கு எழுதும் தினசரித் தாளின் பின்பக்கம் 598 என்று எழுதினாள். பிறகு 597. ஒரு வாரம் 597 அப்படியே இருந்தது. பொங்கலன்று 592. எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கழித்தும் வைத்தாள். ஸ்டேட் பாங்க் கிளையொன்றில் இருபத்தாறு வருடம் காசாளராக இருந்தவள். கணக்கு நேராக வந்தால் அவளுக்குத் தூக்கம் வரும்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் ரெடிங்கில் மூன்று மணி நேரம் மின்சாரம் போய்விட்டது. அக்கா அலறிக்கொண்டு போன் செய்தாள். அம்மாதான் எடுத்தாள். "கதவத் தொறக்காத. உள்ள பாட்டில்லாம் இருக்குல்ல? அது சில்லுனுதான் இருக்கும். நம்ம வீட்ல கரண்டு போனா தயிர் கெட்டா போகுது? மூணு மணி நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். திறந்து பார்க்காமல் இருப்பதுதான் அன்றைக்குச் செய்யவேண்டியது. அதைச் சொன்னது, இரவு இரண்டு மணிக்கு என் அறைக் கதவைத் திறக்கிற அதே அம்மா. மின்சாரம் வந்தபின் பார்த்தபோது உள்ளே 6 டிகிரி.

அந்த வாரத்தில் பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. ஜனவரி முதல் பங்குனிச் சித்திரைவரை பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமைகள், முட்டையிட நம் கரைக்கு வரும் காலம். 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் கடற்கரையோரம் மைல்கணக்கில் நடந்து அந்த முட்டைகளைக் கண்டெடுத்துப் பாதுகாத்துக் கடலில் சேர்க்கிறார்கள். ஒரு கூட்டில் நூற்றுக்கும் மேல் முட்டைகள், நாற்பத்தைந்து நாள் ஒட்டி மணலுக்குள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். ஒரே மாதத்தில் ரெடிங்கில் ஓர் ஆமை 5 டிகிரியில் கிடக்க, எங்கள் ஹாலில் ஒன்று விளக்கடியில் காலை நீட்டிக் காய, கடலிலிருந்து ஒன்று ஏறி வந்து மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் வேண்டியது வேறு வேறு சூடு. ஒன்றுக்கு உயிர் தருவதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் அது செத்துப்போகும்.

*

பிப்ரவரி 6, பத்து வாரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் நேராக விளக்கடியில் வைக்கக் கூடாது. சில மணி நேரம் அறையில் பெட்டியோடு வைத்து, பிறகு வெளிச்சமும் சூடும், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் சாப்பாடு இல்லை, தண்ணீர்தான். இத்தனை வாரம் உடம்பில் சேர்ந்த கழிவைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். ஒரு வாரத்துக்குள் சாப்பிட ஆரம்பிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகவேண்டும்.

நாங்கள் இரண்டு வீடுகளிலும் திரையின் முன் உட்கார்ந்திருந்தோம். தட்டில் தண்ணீர், நடுவில் சுண்டல். வெகுநேரம் ஒன்றுமில்லை. அக்கா மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது முன்னங்கால் ஒரு விரல் அளவு முன்னால் வந்தது. கண் திறந்தது. தலையைத் தாழ்த்தி மூக்கு நுனிவரை தண்ணீரில் வைத்து, தொண்டை அசைய, குடித்தது. நிறுத்தாமல் நான்கு நிமிடம்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்ப் பால் கணக்குத் தாளை எடுத்துவந்தாள். "குடிச்சதுக்கு அப்புறம் எடைய சொல்லு" என்றாள். 605. அதை எழுதிக் கீழே கோடு போட்டாள்.

இரவு சாப்பிடும்போது கேட்டாள். "இதெல்லாம் எத்தனை வருஷம் இருக்கும்?"

"அக்காவோடது அம்பது வருஷத்துக்கு மேலகூட இருக்கும். மணி ஒரு முப்பது."

கையில் சோற்றோடு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். அவளுக்கு எழுபத்தொன்று.

"அப்ப அந்தக் குட்டிக்கு எல்லாத்தையும் இப்பவே சொல்லிக் குடுக்கச் சொல்லு. தராசு, தண்ணி, எத்தனை டிகிரி, எல்லாம். மணிக்கு நீ எழுதி வை."

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் மணியின் ஹீட்டர் அளவு, விளக்கு மாற்றவேண்டிய தேதி, வேப்பேரிக்குப் போகவேண்டிய நாட்கள். ரெடிங்கில் அந்தப் பெண் ஏற்கெனவே ஒன்று ஆரம்பித்துவிட்டாளாம். அதில் முதல் வரி தமிழில் இருக்கிறது என்று அக்கா படம் அனுப்பியிருந்தாள். எழுத்துப் பிழைகளோடு பென்சிலில் எழுதியது. பாட்டி கேட்டால் எடை சொல்லணும்.